தலையெழுத்தா, கையெழுத்தா?

"குடித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வரலாமா?"

கேட்டது யார்? மதுவிலக்குப் பிரசாரகரா? அல்ல. ஊர்ப் பெரிய மனிதரா? அல்ல. கேட்டவர் நாமே! மேடையேறி மூடநம்பிக்கையைச் சாடும் நாம். 'எதையும் ஆராய்ந்து பார், அதன்பிறகு ஏற்றுக்கொள்' என்று இளைஞர்க்கு எடுத்துரைக்கும் நாம். ஆசிரியப் பணியிலே அமர்ந்து அறிவூட்டுவதாக எண்ணிக்கொண்டிருக்கும் நாம்!

இடம், நீலகிரி மாவட்டம், கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரைப் பக்கம். காலாண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் அட்டையிலே கையொப்பமிடப் பெற்றோரை வரச் சொல்லியிருந்தோம். தோட்டத் தொழிலாளி ஒருவர் வந்தார். இலங்கையின் தேயிலை மலைகளிலிருந்து, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பெயர்த்து அனுப்பப்பட்ட குடும்பமொன்றின் பிள்ளை. கால்களை அகல வைத்து, சுவரைத் தடவி, தள்ளாடித் தள்ளாடி வந்தார். பேச வாயெடுத்தார், சொற்கள் குழறின. பேனாவைக் கையிலே கொடுத்தோம். தாளை நெருங்க நெருங்க விரல்கள் நடுங்கின, எழுத்து கோடாயிற்று, கோடு கிறுக்கலாயிற்று. தீர்ப்பு நமது நாவின் நுனியிலே தயாராக இருந்தது. தயங்காமல் வழங்கினோம்.

அவர் தலைகுனிந்து திரும்பினார். அவர் மகன் மட்டும் நின்றான். "அப்பா குடிக்கிறதே இல்ல சார்" என்றான். கோபமில்லை அந்தக் குரலில். பழகிப்போன களைப்பே இருந்தது. எத்தனை பேரிடம் இதையே சொல்லியிருப்பான் அந்தச் சிறுவன்! கடைத்தெருவிலே, பேருந்து நிறுத்தத்திலே, வேலைத்தலத்திலே! கடைசியிலே பள்ளியிலும் சொல்ல நேர்ந்தது, தன் ஆசிரியரிடமே!

ஆராயாமல் தீர்ப்பளித்தல் மூடத்தனம் என்றால், அன்று அந்த அறையிலே இருந்த பெரிய மூடர் யாவர்? நாமே. அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது இக்கட்டுரை.

அந்தத் தந்தையைப் பற்றியிருப்பது மதுவன்று, நோய். 'அட்டாக்சியா' என்பது அதற்கு மருத்துவ உலகம் தந்த பெயர். ஒழுங்கின்மை என்பது கிரேக்க மொழியிலே அச்சொல்லின் பொருள். தசையிலே வலு இருக்கிறது. ஆயினும் தசைகளுக்கிடையே உடன்பாடு இல்லை. நூறு பேர் வடம் பிடிக்கிறார்கள்; நூறு பேரும் வலுவுள்ளவர்கள்; ஆனால் எவர் எப்போது இழுப்பது, எப்போது நிறுத்துவது என்று சொல்வோர் இல்லை. தேர் என்ன ஆகும்? அதுதான் அவர் நடை!

தலையின் பின்புறத்திலே, பெருமூளைக்குக் கீழே இருக்கிறது சிறுமூளை. பெயர்தான் சிறிது, பணியோ பெரிது. கை எவ்வளவு தூரம் நீள வேண்டும், எவ்விடத்தில் நிற்க வேண்டும், இடக்கால் ஊன்றும்போது இடுப்பு எவ்வளவு சாய வேண்டும் என்ற கணக்கையெல்லாம், நாம் அறியாமலே, நொடிக்கு நொடி போட்டுத் திருத்துவது அதுவே. முதல் உலகப் போரிலே தலையில் குண்டடிபட்ட வீரர்களைச் சோதித்த மருத்துவர் கார்டன் ஹோம்ஸ், சிறுமூளையிலே காயம் பட்டால் இந்தக் கணக்கு எப்படித் தவறுகிறது என்பதை 1917இல் விரிவாக எழுதினார். கை இலக்கைத் தாண்டிப் போகும், நெருங்குகையில் நடுங்கும், பேச்சு துண்டு துண்டாகும், நடை அகலும். மதுவும் முதலில் தாக்குகிற இடங்களில் ஒன்று அதே சிறுமூளை. ஆகவேதான் நோயாளியின் நடை குடித்தவர் நடையைப் போலத் தோன்றுகிறது. தோற்றம் ஒன்று, காரணம் வேறு. தோற்றத்தைக் கண்டு காரணத்தை முடிவு செய்வதை, வேறு எவர் செய்தாலும் நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்?

காரணமும் ஒன்றல்ல, பல. பெற்றோர் வழி வரும் மரபணுக் கோளாறு உண்டு. ஜெர்மானிய மருத்துவர் ஃப்ரீட்ரைக் 1863இல் எடுத்துரைத்த வகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் கோளாறான மரபணு வந்து சேர்ந்தால் தோன்றுவது; மாமன் மகளையும் அக்காள் மகளையும் மணப்பதே மரபென்று மார்தட்டும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் சிந்திக்கட்டும். ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா என்ற வகைகளுக்கோ ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். பிள்ளை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. தமிழ்நாட்டிலே, தமக்குள்ளேயே மணம் முடிக்கும் ஒரு சமூகத்தாரிடம் இதன் முதல் வகை மிகுதியாக இருப்பதை ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்டனர். எங்கோ பனி நாட்டு நோய் என்று எவரும் எண்ண வேண்டாம். நமது வீட்டு வாசலிலே நிற்கிறது.

மரபல்லாத காரணங்களும் உண்டு. பக்கவாதம், தலைக்காயம், கட்டி, பன்னெடுங்காலக் குடி, பி12 வைட்டமின் குறைவு, ஈ வைட்டமின் குறைவு, தைராய்டுச் சுரப்பின் குறைபாடு, வலிப்புக்குத் தரும் சில மருந்துகளின் அளவு மிகுதல். இவற்றிலே சில, உரிய காலத்தில் கண்டால் மாற்றக் கூடியவை. எனவே முதல் வேலை சோதனை. சோதிக்காமல் முத்திரை குத்துவது, திருந்தக்கூடிய நோயையும் திருந்தாத நோயாக்கும் கொடுமை.

இத்தகையவர்க்கு நமது சமுதாயம் வழங்கும் தீர்ப்புகள் மூன்று.

முதல் தீர்ப்பு தெருவினுடையது: "குடிகாரன்." அதைப் பார்த்தோம்.

இரண்டாம் தீர்ப்பு திண்ணையினுடையது: "முன்வினை. பாட்டன் செய்த பாவம் பேரன் காலிலே தெரிகிறது. தலையெழுத்தை யார் மாற்ற முடியும்?" இந்தத் தீர்ப்போடு பரிகாரச் செலவும் சேர்ந்தே வரும். மந்திரித்த கயிறு, எலுமிச்சை, கோழி, நேர்த்திக்கடன். தேயிலைக் கொழுந்தெடுத்த கூலி தட்டிலே விழும். தள்ளாட்டம் மட்டும் தங்கியிருக்கும்! இதை மறுக்க நமக்குப் புதிதாக ஒன்றும் கற்பிக்க வேண்டியதில்லை. பேரனுக்கு வருவது பாட்டனின் பாவமன்று, பாட்டனின் மரபணு. பாவமென்றால் மறைப்பார்கள், மரபணு என்றால் சோதிப்பார்கள். வேறுபாடு அவ்வளவுதான், ஆனால் அதற்குள்ளே ஒரு வாழ்க்கையே அடங்கியிருக்கிறது.

மூன்றாம் தீர்ப்புத்தான் நம்மைத் திடுக்கிட வைத்தது. அது படித்தவர் தீர்ப்பு. நாம் அந்தத் தந்தையை மருத்துவமனையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். படம் எடுத்தார்கள்; இரத்தம் சோதித்தார்கள்; சிறுமூளை சுருங்கியிருக்கிறது என்றார்கள். எல்லாம் முறையாக நடந்தது. பிறகு அந்த மருத்துவர் காகிதத்தை மடித்துக் கொடுத்தார். "இதற்கு மருந்து இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அவ்வளவே!

மருந்து இல்லை என்பது பெரும்பாலான மரபுவழி வகைகளுக்கு இன்றும் உண்மை. ஃப்ரீட்ரைக் வகைக்கு மட்டும் ஓமாவெலாக்சோலோன் என்ற மருந்தை 2023இல் அமெரிக்கா ஒப்புக்கொண்டது; அங்கே அதன் பட்டியல் விலை ஆண்டுக்கு மூன்று இலட்சத்து எழுபதாயிரம் டாலர்! கொழுந்தெடுக்கும் குடும்பம் பல தலைமுறை உழைத்தாலும் ஓராண்டு மருந்து வாங்க இயலாது. ஆகவே மருத்துவர் பொய் சொல்லவில்லை. ஆனால், 'மருந்து இல்லை' என்ற உண்மையிலிருந்து 'செய்வதற்கு ஒன்றுமில்லை' என்ற பொய்க்கு எப்படித் தாவினார்? திண்ணைக் கிழவர் சொன்ன தலையெழுத்தையே, வெள்ளை அங்கி அணிந்து, வேறு மொழியிலே சொன்னார் என்பதன்றி வேறென்ன?

செய்வதற்கு உண்டு. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகவே உண்டு!

சுவிட்சர்லாந்திலே ஹைடன் என்றோர் ஊர். அங்கே ஹைன்ரிக் ஃப்ரெங்கெல் என்றொரு மருத்துவர். தண்டுவடம் பாதிக்கப்பட்டு இயக்க ஒழுங்கை இழந்த ஒருவரைச் சோதித்தார். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொன்னார், நோயாளியால் இயலவில்லை. சில மாதங்கள் சென்றபின் அதே நோயாளி வந்தார். இம்முறை முன்னிலும் நன்றாகத் தொட்டார்! வியந்த மருத்துவர், என்ன செய்தாய் என்றார். "சோதனையிலே தேற வேண்டும் என்று விரும்பினேன், ஆகவே பழகினேன்" என்பது அவர் சொன்ன விடையின் சாரம். நோயாளி வீட்டுப்பாடம் செய்திருக்கிறார்! மருத்துவருக்கு நோயாளி கற்பித்த பாடம் அது. அதை வளர்த்து, 1890இல் ஃப்ரெங்கெல் தமது பயிற்சி முறையை வெளியிட்டார். இன்றும் இயன்முறை மருத்துவ மாணவர்கள் அவர் பெயராலேயே அப்பயிற்சிகளைப் படிக்கிறார்கள்.

முறை என்ன? கேட்டால் ஆசிரியர்களாகிய நமக்கு வியப்பு வராது. பழக்கமான ஒன்றாகவே தோன்றும். எளியதிலிருந்து அரியதற்குப் போவது. முதலில் படுத்தபடி: ஒரு குதிகாலைப் படுக்கையிலே தேய்த்து மடக்குவது, நீட்டுவது, சொன்ன இடத்திலே நிறுத்துவது. அடுத்து உட்கார்ந்தபடி: தரையிலே இட்ட குறியின்மேல் பாதத்தைச் சரியாக வைப்பது. பிறகு நிற்பது. அதன் பின்னரே நடப்பது. அதுவும் தரையிலே வரைந்த பாதச் சுவடுகளின்மேல் அடியெடுத்து வைப்பது. ஒவ்வோர் அசைவும் மெதுவாக, வாய்விட்டு எண்ணியபடி, கண்ணால் பார்த்தபடி. வேகம் கூடாது, பலம் காட்டக் கூடாது, துல்லியம் ஒன்றே குறி. களைப்பு வருமுன் நிறுத்த வேண்டும். விழாமல் தாங்க ஆள் அருகிலே இருக்க வேண்டும்.

ஐயுறுவோர் கேட்கலாம்: "ஃப்ரெங்கெல் பார்த்தது தண்டுவடக் கோளாறு. கால் எங்கே இருக்கிறது என்ற உணர்வு அங்கே கெட்டிருந்தது. அக்குறையைக் கண் ஈடு செய்தது. ஆனால் இயக்கத்தைக் கற்கும் உறுப்பே சிறுமூளைதானே! அதுவே பழுதானால் எதைக் கொண்டு கற்பது?" நல்ல கேள்வி; பகுத்தறிவாளர் கேட்க வேண்டிய கேள்வி. நெடுங்காலம் மருத்துவர்களும் இப்படியே ஐயுற்றார்கள். ஆனால் ஐயத்தோடு நிற்காமல் சோதித்தார்கள் சிலர்.

ஜெர்மனியிலே 16 நோயாளிகளுக்கு நான்கு வாரம், வாரம் மூன்று முறை, முறைக்கு ஒரு மணி நேரம் ஒருங்கியக்கப் பயிற்சி தந்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். நடையும் சமநிலையும் மேம்பட்டன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும், நோய் தன் வழியிலே முன்னேறிக்கொண்டிருந்த நிலையிலும், பயிற்சியின் பயன் முற்றும் அழிந்துவிடவில்லை. வீட்டிலே பயிற்சியை விடாதவர்க்கு மிகுதியாக நின்றது. ஜப்பானிலே 42 நோயாளிகளை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனும் மறு குழுவுக்குப் பின்னும் தீவிரப் பயிற்சி தந்து ஒப்பிட்டார்கள். 2012இல் வெளிவந்த முடிவு, பயிற்சி பெற்றவர் நடையிலும் அன்றாட வேலையிலும் முன்னேறினர் என்பது. சில மாதங்களில் அந்தப் பயன் படிப்படியாகத் தேய்ந்ததையும் அவர்கள் மறைக்கவில்லை.

ஆம்; நாமும் மறைக்கப் போவதில்லை. பயிற்சி நோயைத் துரத்தாது. சுருங்கிய சிறுமூளையை மலர வைக்காது. அப்படிச் சொன்னால் நமக்கும் மந்திரவாதிக்கும் வேறுபாடு ஏது? நோய் பிடுங்கிக்கொள்ளும் ஆண்டுகளிலே ஒன்றையோ இரண்டையோ பயிற்சி மீட்டுத் தருகிறது, தொடர்ந்தால் தக்கவைக்கிறது, நிறுத்தினால் நழுவுகிறது. ஓர் ஆண்டு என்றால் அற்பமா? மகன் பத்தாம் வகுப்பு முடிக்கும்வரை தன் காலில் நடந்து வேலைக்குப் போகும் ஓர் ஆண்டு, அந்தத் தந்தைக்கு அற்பமா?

இனி நமது மலைக்கு வருவோம். ஜெர்மனியிலும் ஜப்பானிலும் மருத்துவமனைத் தரை வழுவழுப்பு. இங்கே வழியெல்லாம் சரிவு. ஸ்ரீமதுரையின் வயல் வரப்பிலே, மழைக்காலத்திலே, நல்ல காலுடையவனே வழுக்கி விழுவான். இருட்டிலே யானை வரும் வழி இது. முதுமலைக் காடு அருகிலேயே இருக்கிறது. ஓட இயலாதவன், திரும்ப இயலாதவன், கூவினாலும் குழறுபவன் இந்த வழியிலே மாலையில் நடந்தாக வேண்டும். நகரத்திலே தள்ளாட்டம் அவமானம். இங்கே அது உயிர்ப் பிரச்சினை.

இந்த மலைக்கு இன்னொரு காரணமும் உண்டு. 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களின் குருதியிலே அரிவாள் வடிவ அணுவைக் கண்டறிந்தனர். இந்தியாவிலே அது முதன்முதலாக அறியப்பட்ட இடங்களுள் இம்மலை ஒன்று. அந்த நோய் இரத்தக் குழாயை அடைத்துச் சிறுவர்க்கும் பக்கவாதம் தரக்கூடியது. பக்கவாதத்துக்குப் பின் கையும் காலும் பழைய ஒழுங்குக்கு வரப் பயிற்சி தேவை. அந்த இரத்த சோகையை ஒழிக்க நடுவண் அரசு 2023இல் தேசிய இயக்கம் தொடங்கி, 2047ஐ இலக்காக வைத்தது. நன்று. ஆனால் இரத்தத்தைச் சோதித்து அட்டை கொடுப்பதோடு முடிந்துவிடுமா கடமை? பக்கவாதம் தாக்கிய பிள்ளைக்குப் படியேறக் கற்பிப்பவர் யார்?

இம்மலையிலே முடியாது என்கிறார்களா? முடியும் என்பதற்குச் சான்றும் இங்கேயே நிற்கிறது. 1990இல் கூடலூரிலே ஆதிவாசி மக்களுக்கென மருத்துவமனை எழுந்தது. அஸ்வினி என்ற அமைப்பு ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகவும் ஊர்தோறும் செல்லும் நலப் பணியாளராகவும் பயிற்றியது. 'காட்டு மக்களுக்கு மருத்துவம் கற்பிப்பதா?' என்று கேலி பேசும் உலகத்துக்கு அவர்கள் ஊசியும் மருந்தும் ஏந்தி விடையளித்தார்கள். ஊசி போடக் கற்றவர், அடியெடுத்து வைக்கச் சொல்லித்தரக் கற்க இயலாதா?

அரசிடமும் கருவி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலே, இயன்முறை மருத்துவம் வீடு தேடி வருவதும் ஓர் அங்கம். 2022இல் உதகையிலே அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மறுவாழ்வை உரிமையென்கிறது. அதன் பட்டியலிலே நாட்பட்ட நரம்பியல் நிலைகள் என்ற தலைப்பும் உண்டு. திட்டம் உண்டு, கல்லூரி உண்டு, சட்டம் உண்டு! இம்மூன்றும் மலைச்சரிவிலே இறங்கி, தோட்டத்து லயத்தின் வாசற்படிவரை வர வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

வருகிறவர் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மட்டும் பார்த்துப் போகாமல், தள்ளாடுபவர் ஒருவர் இருந்தால் குறித்துக்கொள்ளட்டும். இயன்முறை மருத்துவர் ஒரு முறை வந்து கை காலை அசைத்துவிட்டுப் போவதாக இல்லாமல், வீட்டார் ஒருவர்க்குப் பயிற்சியைக் கற்றுக் கொடுத்து, மாதந்தோறும் வந்து சரிபார்க்கட்டும். மருத்துவக் கல்லூரி, நோயாளியை அனுப்பும்போது மருந்துச் சீட்டு இல்லையெனில் பயிற்சிச் சீட்டையாவது எழுதித் தரட்டும். சாய்ந்த நடைபாதைக்கு ஒரு கைப்பிடிக் கம்பி போடத் தோட்ட நிர்வாகம் மனம் வைக்கட்டும். இவற்றில் எதற்கு மூன்று இலட்சம் டாலர் தேவை?

இளைஞர்காள்! அரசைக் கேட்பதோடு நமது வேலை முடிந்ததாக எண்ணாதீர். படிப்பகத்திலே கூடி விதியை எள்ளி நகையாடுகிறோம். கூட்டத்துக்குத் தள்ளாடி வருகிறார் ஒருவர். அவரையும் எள்ளி நகையாடுகிறோம்! ஊரிலே அப்படி ஒருவர் இருந்தால், முதலில் அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பயிற்சியை இயன்முறை மருத்துவர் வகுத்துத் தரட்டும்; அருகிலே நின்று ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவதற்கும், விழாமல் தாங்குவதற்கும் உங்கள் தோள் போதாதா?

நாம் செய்ததையும் சொல்லிவிடுகிறோம். பெருமைக்கன்று, கடனைக் குறைப்பதற்காக. இயன்முறை மருத்துவர் ஒருவர் வகுத்துத் தந்தபடி, பள்ளித் தாழ்வாரத்திலே சுண்ணக்கட்டியால் பாதச் சுவடு வரைந்தோம். மாலை மணி அடித்ததும் தந்தை வருவார், மகன் எண்ணுவான், நாம் அருகே நிற்போம். முதல் வாரம் ஒரு சுவடும் கால் படாமல் தப்பிற்று. இப்போது பத்திலே ஏழு படுகிறது. தேநீரைப் பாதிக் குவளையாக ஊற்றினால் சிந்தாமல் குடிக்கிறார். இன்னும் தள்ளாடுகிறார்; தள்ளாடுவார். அவரைத் தள்ளிவிடுவோர் மட்டும் குறைந்திருக்கிறார்கள்.

ஒரு நாள் எண்ணிக்கொண்டிருந்த சிறுவன் நிறுத்தினான். "எனக்கும் வருமா சார்?" என்றான். வராது என்று சொல்ல நாவெழுந்தது, அது பொய்யாகலாம். வரும் என்று சொல்ல நமக்கு அறிவில்லை. "தெரியாது. பெரியவனானதும் நீ விரும்பினால் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் வந்தாலும் என்ன செய்வதென்று உனக்கு இப்போதே தெரியுமே!" என்றோம். கொஞ்சநேரம் பேசாமலிருந்தான். பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினான்.

அரையாண்டு மதிப்பெண் அட்டை வந்தது. அந்தத் தந்தை மேசையருகே உட்கார்ந்தார், முழங்கையை மேசையிலே ஊன்றினார், மணிக்கட்டை இடக்கையால் பற்றினார், மெதுவாக எழுதினார். கோணல் எழுத்துத்தான், ஆனால் படிக்க முடிந்தது. பெயர் தெரிந்தது.

தலையெழுத்து என்றார்கள். அதை எவரும் இதுவரை படித்ததில்லை. இந்தக் கையெழுத்தை நாம் படித்தோம்!